திருமலையைத் தேய்க்காமல் பார்த்து வருவது எப்படி: கோணேசர் மலையிலிருந்து புறாமலை வரை

திருகோணமலையில் ஒரு நாளில் பார்த்துவிடக்கூடிய தூரத்துக்குள் நான்கு வகை இடங்கள் இருக்கின்றன: கடலுக்கு மேலே நிற்கும் பாடல் பெற்ற தலமான கோணேசர் கோயில், கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகள், முருகைக்கல் (பவளப்பாறை) சூழ்ந்த புறாமலைத் தீவு, திமிங்கிலம் வந்துபோகும் ஆழ்கடல். நான்கும் தேய்ந்துகொண்டிருக்கின்றன. கடல் சூடேறுவதைத் தனி மனிதர் ஒருவர் நிறுத்த முடியாது. ஆனால் தேய்மானத்தில் பெரும்பங்கு பார்க்கப் போகிறவர்களின் கையாலும் காலாலும் கட்டுச்சோற்றுப் பொதியாலும் வருகிறது. அதை நிறுத்த முடியும். பெரும்பாலும் வீட்டை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே நிறுத்த முடியும். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, கொழும்பு, வெளிநாடு என்று எங்கிருந்து குடும்பமாகவோ குழுவாகவோ வந்தாலும் இந்த வரிசையைப் பின்பற்றலாம்.

கிளம்புவதற்கு முன்: தண்ணீரும் பொதியும்

முதலில் தண்ணீர்க் கணக்கு. திருமலை வெயிலில் ஓர் ஆளுக்கு நாளுக்கு 3 லீற்றர் தேவை. ஐந்து பேர், இரண்டு நாள் என்றால் 30 லீற்றர். அரை லீற்றர் போத்தலாக வாங்கினால் 60 போத்தல். அறுபது மூடியும் வேறு. மூடிதான் மோசம். போத்தல் கண்ணில் படும், யாராவது பொறுக்குவார்கள். மூடி மணலுக்குள் புதைந்து கடலுக்குப் போய்விடும். 5 லீற்றர் கலன் இரண்டை எடுத்துக்கொண்டு, தங்குமிடத்தில் நிரப்பி, ஆளுக்கொரு உலோகப் போத்தலில் ஊற்றிக்கொள்ளுங்கள்.

சோற்றை வாழையிலையில் கட்டி, பருத்தித் துணியால் சுற்றுங்கள். இலையை முதலில் அனலில் வாட்டாவிட்டால் மடிப்பில் கிழிந்து குழம்பு ஒழுகும். பாதி வழியில் பலர் பொலித்தீனுக்குத் திரும்புவது இதனால்தான். உணவு சுற்றும் பொலித்தீன் தாளும் ரெஜிபோம் பெட்டியும் 2017 செப்டெம்பரிலிருந்து இலங்கையில் தடை. பிளாஸ்டிக் உறிஞ்சுகுழலும் கரண்டியும் 2023 ஒக்டோபரிலிருந்து தடை.

இவற்றோடு மூடியுள்ள வாளி ஒன்று வேண்டும், குப்பைக்கு. திறந்த பை போதாது. காகமும் நாயும் கிழிக்கும், வாகனத்தில் வைத்தால் நாறும், நாறினால் யாராவது வழியில் இறக்கிவிடுவார்கள். கடலில் இறங்குகிற ஒவ்வொருவருக்கும் கை நீண்ட, உடலோடு ஒட்டிய பழைய சேர்ட் ஒன்று எடுத்து வையுங்கள். அதன் காரணம் புறாமலைப் பகுதியில் வரும்.

கொழும்புப் பக்கமிருந்து வாகனத்தில் வருகிறவர்கள் ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையே யானையைக் கண்டால் வாழைப்பழம் நீட்ட வேண்டாம். பழம் கிடைத்த யானை மறுநாளும் வீதியோரம் வந்து நிற்கும். வாகனத்தில் அடிபடுவதும் ஆட்களை மிரட்டுவதும் அப்படித்தான் தொடங்குகிறது.

எந்த மாதம், எந்தக் கிழமை

கோணேசர் கோயில் இருக்கும் கோட்டைக்கும் கன்னியாவுக்கும் எந்த மாதமும் போகலாம். கடலில் இறங்க மே முதல் செப்டெம்பர் வரை. வாடைக் காற்றுக் காலமான நவம்பர் முதல் ஜனவரி வரை கிழக்குக் கடல் கொந்தளிக்கும், நீர் கலங்கும். கலங்கிய நீரில் முருகைக்கல் தெரியாது. தெரியாத கல்லில்தான் கால் இடிக்கும். அந்த மாதங்களில் யாராவது மலிவாகக் கூட்டிப் போகிறேன் என்றால் மறுத்துவிடுங்கள்.

போயா தினத்தையும் (பௌர்ணமி விடுமுறை) நீண்ட வார இறுதியையும் தவிருங்கள். சிறிய தீவில் ஒரே நேரத்தில் இருநூறு பேர் இறங்கினால், எல்லோரும் ஒழுங்காக நடந்தாலும் இடம் தாங்காது. செவ்வாய், புதன் நல்ல நாட்கள்.

கோணேசர் மலை: மானும் தொட்டிலும்

கோயிலுக்குப் போகும் வழி பிரெட்ரிக் கோட்டைக்குள்ளால் போகிறது. பழைய கோயிலை 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் இடித்து, அதன் கற்களைக் கொண்டு கட்டத் தொடங்கிய கோட்டை இது. பின்னர் ஒல்லாந்தர் கைக்கும் பிரித்தானியர் கைக்கும் போனது. உள்ளே இராணுவ முகாம் உண்டு. அந்தப் பக்கம் படம் எடுக்கக்கூடாது.

உள்ளே நுழைந்ததும் புள்ளிமான்கள் வரும். குழந்தைகள் கேட்பார்கள், கொடுக்காமல் இருப்பது கடினம். ஆனாலும் கொடுக்கவே கூடாது. மான் அசைபோடும் பிராணி. பாணும் சோறும் அதன் முதல் இரைப்பையில் வேகமாகப் புளித்து அமிலமாகும். அளவு மிஞ்சினால் அதுவே கொல்லும். பொலித்தீன் பை இன்னும் கொடியது. பையில் ஒட்டிய உப்பும் பழச்சாறும் மணக்க, மான் பையோடு சேர்த்து விழுங்குகிறது. அது இரைப்பையை விட்டுக் கீழே இறங்காது. ஒன்றோடொன்று முறுக்கிப் பந்தாகிவிடும். வயிறு நிரம்பியதுபோல் இருப்பதால் மான் மேய்வதை நிறுத்தி, எலும்பு தெரிய மெலிந்து சாகும். ஆகவே அர்ச்சனைப் பழத்தைப் பனையோலைப் பெட்டியிலோ துணிப்பையிலோ கொண்டு போங்கள். பழத்தோலைக்கூடக் கோட்டைக்குள் போடாதீர்கள்: தோலைத் தேடி வரும் மான்தான் பக்கத்தில் கிடக்கும் பையையும் தின்னும். வாகனத்தை ஆள் நடக்கும் வேகத்தில் ஓட்டுங்கள். குட்டிகள் தாய்க்குப் பின்னால் திடீரென்று குறுக்கே பாயும். முதல் மான் கடந்ததும் வேகம் கூட்டுகிறவர்தான் இரண்டாவதை அடிக்கிறார்.

மேலே இராவணன் வெட்டு என்னும் பாறைப் பிளவுப் பக்கம் மரத்தில் தொட்டில் கட்டுவது பிள்ளை வேண்டி வருகிறவர்களின் நேர்த்தி. கட்டுங்கள், ஆனால் பருத்தி நூலால். நைலோன் கயிறு மக்காது. கிளை பருக்கும்போது கயிறு பட்டைக்குள் இறங்கி, இலையிலிருந்து கீழே வரும் சத்தை நெரித்துவிடும். இரண்டு மூன்று வருடத்தில் கிளை காயும். பருத்தி ஒரு மாரியில் அறுந்து விழும். மெல்லிய கொப்பில் கட்டாமல், ஏற்கெனவே தொங்கும் பழைய கட்டுகளின் மேலேயே தளர்வாகக் கட்டினால் மரத்துக்குச் சுமை குறையும்.

மலை விளிம்பிலிருந்து எதையும் கீழே எறியாதீர்கள். கீழே கடலுக்கடியில் பழைய கோயிலின் செதுக்கிய கற்களும் தூண்களும் கிடக்கின்றன. 1956இல் மைக் வில்சனும் ஆர்தர் சி. கிளார்க்கும் சுழியோடிக் கண்டவை அவை. இப்போதும் அங்கே சுழியோடப் போகிறவர்கள் உண்டு. போனால் கற்களில் கைவைக்காமல், சிப்பியைச் சுரண்டாமல் பார்த்து வாருங்கள். கல்லின் மேல் படிந்த சிப்பியும் பாசியும் அழுக்கல்ல. அலையோடு வரும் மணல் கல்லை அரைக்காமல் ஓரளவு காப்பது அந்தப் படிவுதான். சுரண்டினால் செதுக்கு வேலை காப்பின்றி நிற்கும்.

கல்வெட்டைப் பார்க்கும் முறை

கோட்டை வாசலில் பலர் வாகனத்தை விட்டு இறங்காமலே கடந்துபோகும் ஒன்று இருக்கிறது: வாசல் கல்லில் தமிழ்க் கல்வெட்டுத் துண்டும் இரட்டை மீன் உருவும். இடித்த கோயிலின் கல் கோட்டைக்குப் போனதற்குக் கண்முன் நிற்கும் சாட்சி அது. இறங்கிப் பாருங்கள்.

பெரியகுளத்துக்கு அருகே உள்ள நாதனார் கோவிலும் இப்படித்தான் போதிய கவனம் பெறாத இடம். சிங்களத்தில் வெல்கம் விகாரை. சோழர் காலத்தில், 11ஆம் நூற்றாண்டில், இராஜராஜப் பெரும்பள்ளி என்று பெயர் பெற்ற பௌத்தப் பள்ளி. விளக்கெரிக்கக் கொடுத்த கொடைகளைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டுகள் அங்கே கிடைத்தன. தமிழர் பௌத்தத்தை ஆதரித்ததற்கு ஈழத்தில் இதைவிடத் தெளிவான கல் ஆதாரம் அரிது.

எழுத்துத் தெரியவில்லை என்று பலர் சோக்கட்டியோ மாவோ தேய்க்கிறார்கள், சிலர் எண்ணெய் பூசுகிறார்கள். மூன்றும் கேடு. சோக்கட்டி எழுத்தின் விளிம்பைச் சிறிது சிறிதாக அராவும். மாவு பூஞ்சணத்துக்குத் தீனி. எண்ணெய் தூசியைப் பிடித்துக் கருந்தோலாக இறுகும். பிறகு அதைக் கழற்ற இரசாயனம் போட வேண்டிவரும். எழுத்து தெரிய வெளிச்சமே போதும்:

1. காலை 8 மணிக்கு முன் அல்லது மாலை 4 மணிக்குப் பின் போங்கள். உச்சிவெயிலில் எழுத்துப் பள்ளத்தில் நிழல் விழாது.
2. ஒருவர் டோர்ச்சைக் கல்லின் பக்கவாட்டில், கல்லோடு ஏறத்தாழ ஒட்டினாற்போல் பிடிக்கட்டும். 10 முதல் 20 பாகைக்குள் சரிவு இருந்தால் தேய்ந்த எழுத்தும் எழும்பி நிற்கும். இடம், வலம், மேல், கீழ் என நான்கு பக்கமும் மாற்றி எடுங்கள். ஒரு பக்க ஒளியில் மறையும் கோடு மறுபக்கத்தில் தெரியும்.
3. கல்லுக்கு அருகே 15 சென்ரிமீற்றர் அடிமட்டம் ஒன்றைச் சாய்த்து வையுங்கள். கல்லில் ஒட்டக்கூடாது. அளவு இல்லாத படம் பிற்காலத்தில் ஒப்பிட உதவாது.
4. முதலில் சூழலோடு ஒரு படம், அடுத்து முழுக் கல், பிறகு துண்டு துண்டாக. ஒவ்வொரு துண்டிலும் முந்தியதன் மூன்றில் ஒரு பங்கு சேர்ந்திருக்க வேண்டும்.
5. கைபேசியின் இட அமைவைப் போட்டு எடுங்கள். வீட்டுக்கு வந்ததும் கோப்புக்கு இடம், திகதி, ஒளி வந்த பக்கம் மூன்றையும் பெயராக இடுங்கள்.

ஐந்து வருடம் கழித்து அதே இடத்தில் எடுத்த படத்தோடு வைத்துப் பார்த்தால், எந்த எழுத்து எவ்வளவு உதிர்ந்தது என்று சொல்ல முடியும்.

ஊர்க் கோயில்களில் திருப்பணி செய்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய சுவரைச் சீமெந்தால் பூசாதீர்கள். சீமெந்து மூச்சு விடாது. கடற்கரைச் சுவருக்குள் உப்புநீர் எப்போதும் ஏறிக்கொண்டே இருக்கும். வெளியேற வழியில்லாமல் உள்ளேயே காய்ந்து உப்புப் படிகமாகிச் செங்கல்லை உள்ளிருந்து வெடிக்க வைக்கும். பூச்சு பளபளவென்று நிற்கும்; பின்னால் செங்கல் மாவாகியிருக்கும். சுண்ணாம்புக்குச் சுண்ணாம்புதான் பொருந்தும்.

நிலத்தில் பழைய ஓடோ, செதுக்கிய கல்லோ தட்டுப்பட்டால் எடுக்காதீர்கள், கழுவாதீர்கள். கிடந்தபடி படம் எடுத்துக் கிராம சேவையாளருக்கோ பொலிசுக்கோ தொல்பொருள் திணைக்களத்துக்கோ அறிவியுங்கள். 1940இன் தொல்பொருட் கட்டளைச் சட்டப்படி அது கடமையும்கூட. பொருள் கிடந்த ஆழமும் அருகில் கிடந்தவையும்தான் காலத்தைச் சொல்லும். இடம் மாறிய கல் பாதி ஊமை. எந்த இடம் யாருடையது என்ற வாதம் நீளும் ஒரு மாவட்டத்தில், சாட்சியைக் குலைக்கிறவர் தன் பக்கத்துக்கே கேடு செய்கிறார்.

கன்னியா

சதுரமாகக் கட்டிய, ஆழம் குறைந்த ஏழு கிணறுகள். மழைநீர் பாறை வெடிப்புகளின் வழியே ஆழத்துக்கு இறங்கி, சூடேறி, மேலே ஊறி வருகிறது. ஒவ்வொரு கிணற்றிலும் சூடு கொஞ்சம் வேறு. தாய்க்காக இராவணன் உண்டாக்கியது என்பது ஐதீகம். அதனால் இறந்தோருக்கான கடமைகளும் இங்கே நடக்கும்.

கிணற்றுக்குள் இறங்காதீர்கள், வாளியால் அள்ளி ஊற்றிக்கொள்வதே முறை. சவர்க்காரமும் ஷாம்பூவும் கொண்டுபோகவே வேண்டாம். விளிம்பில் நின்று குளித்தாலும் நுரைநீர் கட்டின் இடுக்கு வழியே திரும்பிக் கிணற்றுக்குள் போகும். கிணறு சிறிது, ஊற்று மெதுவாகத்தான் ஊறும்; அழுக்கு தங்கிவிடும். நாணயமும் போடாதீர்கள், வெந்நீரில் உலோகம் வேகமாக அரிக்கும். ஒரு கிணற்றுக்கு மூன்று வாளி, ஏழுக்கும் சேர்த்து இருபத்தொன்று: ஆளுக்கு இது தாராளம். முதலில் கையை விட்டுச் சூட்டைப் பாருங்கள். சிறு பிள்ளைகளுக்கும் இருதய நோயாளருக்கும் சூடு கூடிய கிணறு வேண்டாம். பிதிர்க்கடன் செய்கிறவர்கள் பூவையும் எள்ளையும் இலையில் சேர்த்து எடுத்துப்போய் வெளியே மண்ணில் புதைக்கலாம்.

புறாமலை: இங்கேதான் கூடிய கவனம்

நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர். பெரியது, சிறியது என இரண்டு தீவுகள். 1963இல் சரணாலயம், 2003இல் தேசிய பூங்கா. வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் பொறுப்பு. மாடப்புறாக்கள் பாறைகளில் கூடு கட்டுவதால் வந்த பெயர்.

சனம் கல் என்று நினைத்து மிதிப்பது உயிர். முருகைக்கல்லை ஆயிரக்கணக்கான சிறு உயிர்கள் சேர்ந்து கட்டுகின்றன. மான்கொம்பு போல் கிளைக்கும் வகை வருடத்துக்கு ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர் வளரும். உருண்டைப் பாறைபோல் இருப்பது 1 சென்ரிமீற்றர் அளவே. ஒரு மீற்றர் உருண்டைக்கு நூறு வயது வரை இருக்கலாம். அதன் மேல் நின்று முகமூடியைச் சரிசெய்ய அரை நிமிடம் போதும். உடையாவிட்டாலும், அதன் மேலுள்ள மெல்லிய சளிப்படலம் காலடியில் கிழிந்தால் அந்த இடத்தில் நோய் பற்றும், பாசி ஏறும்.

*படகு பிடிக்கும்போது.* அனுமதிச்சீட்டு வாங்கி, பதிவுள்ள படகில் போங்கள். ஏறுவதற்கு முன் படகோட்டி அண்ணனிடம் மூன்று கேள்வி: நங்கூரம் எங்கே போடுவீர்கள்? எல்லோருக்கும் அளவான லைஃப் ஜக்கெட் இருக்கிறதா? எத்தனை மணிக்குத் திரும்புவோம்? நங்கூரத்துக்குச் சரியான பதில் ‘மணலில்’ அல்லது ‘கரையில் ஏற்றிக் கட்டுவேன்’. கல்லுக்கு மேல் போட்டால் இரும்பு ஒரு தரம் உடைக்கும். பிறகு காற்றில் படகு ஆடும்போது கயிறு சுற்றிலும் அரைக்கும். காலை 8 மணிப் படகு நல்லது. வெயில் ஏறக் காற்று எழும்பும், அலை தள்ளும், ஆட்கள் சமநிலை இழந்து கல்லைப் பிடிப்பார்கள்.

*வெயில் பூச்சு.* ஒக்ஸிபென்சோன் கலந்த வெயில் பூச்சுகள் முருகைக்கல்லின் இளம் உயிரிகளுக்குக் கேடு என்று ஆய்வுகூடச் சோதனைகளில் கண்டிருக்கிறார்கள். எந்தக் குப்பி நல்லது என்று தேடுவதைவிடக் கை நீண்ட சேர்ட் சுலபம். நீரில் மிதக்கும்போது வெயில் படுவது முதுகிலும் பிடரியிலும் பின்னங்காலிலும்தான். சேர்ட்டும் முழங்காலுக்குக் கீழே வரும் காற்சட்டையும் அவற்றை மூடும். முகத்துக்கு மட்டும் துத்தநாக ஒக்சைட் பூச்சு போதும்.

*நீரில் இறங்கும் முறை.* கேடு நடப்பது பெரும்பாலும் முதல் பத்து நிமிடத்தில்.

1. முகமூடியைக் கரையிலேயே சரிபாருங்கள். பட்டியைப் போடாமல் முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை இழுத்தால் ஒட்டி நிற்க வேண்டும். விழுந்தால் வேறு ஒன்று கேளுங்கள். நீர் புகும் முகமூடிதான் ஆளைக் கல்லின் மேல் ஏறி நிற்க வைக்கிறது.
2. கண்ணாடிக்குள் எச்சில் தடவி அலசுங்கள், புகை படியாது. சவர்க்காரம் வேண்டாம்.
3. மணல் தரை உள்ள இடத்தில், நெஞ்சளவு நீரில் ஐந்து நிமிடம் மிதந்து பழகுங்கள். குழாயால் மூச்சு விடுவது பழக்கமான பிறகுதான் கல்லுப் பக்கம் போக வேண்டும்.
4. உடலைப் படுக்கையாக வையுங்கள். சைக்கிள் மிதிப்பதுபோல் நிமிர்ந்து உதைத்தால் கால் கல்லில் இடிக்கும், மணலும் கிளம்பிக் கல்லை மூடி மூச்சுத் திணற வைக்கும். உதைப்பு இடுப்பிலிருந்து, மெதுவாக.
5. நீந்தத் தெரியாதவர் லைஃப் ஜக்கெட்டோடு மிதக்கலாம். கால் துடுப்பு அவருக்கு வேண்டாம். அதன் நீளம் பழகாதவருக்குத் தெரியாது, திரும்பும்போது பின்னால் கல் உடைந்துகொண்டே வரும்.
6. உங்கள் வயிற்றுக்கும் கல்லுக்கும் இடையே ஒரு மீற்றர் இல்லாவிட்டால் அந்த வழியால் போகாதீர்கள். சுற்றிப் போங்கள்.
7. களைத்தால் மல்லாந்து மிதந்து கையை உயர்த்துங்கள். நிற்க இடம் தேடாதீர்கள்.

கருஞ்செட்டைச் சுறா வந்தால் பயப்பட வேண்டாம், துரத்தவும் வேண்டாம். கை நீட்டாமல் அசையாது மிதந்தால் அது பக்கத்தால் போய்விடும். மீனுக்குப் பாண் போடுவது நல்ல காரியம்போல் தெரியும். ஆனால் கல்லில் வளரும் பாசியை மேய்ந்து கல்லைச் சுத்தமாக வைத்திருக்கும் மீன்கள் பாணுக்குப் பழகினால் பாசி கல்லை மூடிவிடும்.

கரையிலே வெள்ளைக் குச்சிகளாகக் குவிந்து கிடப்பது இறந்த முருகைக்கல். ஒரு துண்டும் எடுக்காதீர்கள். தேசிய பூங்காவிலிருந்து எடுப்பது குற்றம். அந்தக் குவியலே கரை அரிக்காமல் தாங்குகிறது. புறாக்கள் இருக்கும் பாறையில் ஏறவோ கத்தவோ வேண்டாம். பறவை எழும்பிய கூட்டில் முட்டை வெயிலில் கிடந்து கெடும்.

கல்லில் சிக்கிய வலையைக் கண்டால் இழுக்காதீர்கள். இழுக்கிற வலை கிளைகளையும் பிடுங்கிக்கொண்டு வரும். இடத்தைக் குறித்துப் பூங்கா உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். பழகிய சுழியோடிகள் விளிம்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி எடுக்க வேண்டிய வேலை அது.

திமிங்கிலம் பார்க்க

துறைமுக வாயிலிலிருந்தே கடலடியில் ஆழமான பள்ளத்தாக்கு தொடங்குவதால் நீலத்திமிங்கிலம் கரைக்கு அருகே வருகிறது. ஏறத்தாழ மார்ச்சிலிருந்து ஓகஸ்ட் வரை. படகு 100 மீற்றருக்குள் நெருங்கக்கூடாது. முன்னால் போய் மறிக்காமல், பக்கவாட்டில் அதன் வேகத்துக்கு இணையாகப் போக வேண்டும். மூச்சு விட மேலே வந்து இரண்டொரு தரத்திலேயே அவசரமாக மூழ்கினால் அது கலவரப்பட்டிருக்கிறது, விலகச் சொல்லுங்கள். ‘கிட்டப் போங்கள், கூடத் தருகிறோம்’ என்று கேட்பது பயணிகள்தான். படகோட்டி அதற்குக் கட்டுப்படுகிறார். ஏறும்போதே ‘தூரத்தில் நின்று பார்த்தாலும் பேசிய காசு முழுதும் தருவோம்’ என்று சொல்லிவிட்டால் அவருக்கும் நிம்மதி.

வாங்கக்கூடாதவை

பெரிய சங்கு, முருகைக்கல் துண்டு, ஆமையோட்டுப் பொருள். உணவில் முட்டை தாங்கிய சிங்கி இறால்: அதைப் பிடிப்பதே தடை. ஆமை இறைச்சியும் முட்டையும் எந்தப் பெயரில் வந்தாலும் தடைதான்.

கேடு நடப்பதைக் கண்டால்

சண்டை பிடிக்காதீர்கள், குறியுங்கள். நேரம், இடம், படகின் பதிவு இலக்கம், என்ன நடந்தது என்பது, இரண்டு படம். வெடி வைத்து மீன் பிடிப்பதைக் கண்டால் அருகே போகவே வேண்டாம். உடனே பொலிஸ் 119. வன உயிர்கள் பற்றி 1992, சுற்றுலாப் பயணிகளின் முறைப்பாட்டுக்கு 1912, யாருக்காவது காயம் என்றால் அம்புலன்ஸ் 1990.

தொலைபேசியோடு நிற்காமல் ஒரு பக்கக் கடிதமும் எழுதுங்கள், தமிழிலேயே. உரிய திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு ஒன்று, பிரதேச செயலகத்துக்கு ஒரு பிரதி. உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். முத்திரை இல்லாவிட்டால் கடிதம் வந்ததென்று காட்ட வழியில்லை. பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ‘இன்ன திகதிக் கடிதத்தின் மீது எடுத்த நடவடிக்கை என்ன’ என்று அந்த அலுவலகத்தின் தகவல் அலுவலரிடம் கேளுங்கள். கேள்வி ஒன்றாகவும் குறுகியதாகவும் இருக்கட்டும்; பத்துக் கேள்வி போட்டால் இரண்டுக்கு மட்டும் பதில் வரும். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அவர் அறிவிக்க வேண்டும். அறிவிக்காவிட்டால் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு 14 நாட்களுக்குள் மேன்முறையீடு. அதற்குப் பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. இந்த விண்ணப்பத்தை இலங்கைப் பிரசைகளே செய்யலாம் என்பதால், வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு வருகிறவர்கள் ஊரிலுள்ள உறவினர் ஒருவரின் பெயரில் கடிதத்தை முதலிலிருந்தே எழுதுவது நல்லது.